செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை: கோளாறு சாவிக்குள்ளேயே இருக்கலாம்

கேள்வி: எங்களுடையது எட்டு ஆண்டுகள் ஓடிய, கியர் மாற்றி ஓட்டும் பெட்ரோல் கார். இரண்டு மாதங்களுக்கு முன் சாவி கீழே விழுந்து அதன் மேலுறை உடைந்துவிட்டது. கடைவீதியில் உள்ள ஒரு சாவிக் கடையில் கொடுத்துப் புது உறை போட்டு வாங்கினேன். அதன் பிறகு சில நாட்களில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிப்பதில்லை. அப்போது மீட்டரில் சாவிப் படம் போட்ட விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரிகிறது. சாவியை எடுத்து மறுபடி போட்டால் சில சமயம் உடனே ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. பேட்டரியை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். சாவிக்குள் இருக்கும் சிறிய பேட்டரியையும் மாற்றினேன். பலன் இல்லை. ரிமோட்டில் கதவு ஒழுங்காகத் திறப்பதால் சாவியில் குறை இல்லை என்றும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.எம். மாற்ற வேண்டியிருக்கும் என்றும் மெக்கானிக் சொல்கிறார். சென்ற வாரம் அடுக்ககத்தில் நால்வர் சேர்ந்து தள்ளியும் வண்டி கிளம்பவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். இ.சி.எம். மாற்றுவதற்கு இப்போது சம்மதிக்க வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் குறித்திருக்கும் அடையாளங்கள் ஒன்றோடொன்று பொருந்தி ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. சாவி கீழே விழுந்தது, உறை மாற்றப்பட்டது, அதற்குப் பிறகே கோளாறு தொடங்கியது, கோளாறின்போது சாவிப் படம் போட்ட விளக்கு விட்டுவிட்டு எரிகிறது, சாவியை எடுத்து மறுபடி போட்டால் சரியாகிறது: இந்த ஐந்தும் சாவியின் தலைப்பகுதிக்குள் இருக்கும் ஒரு சிறு மின்னணுச் சில்லைப் (சிப்) பற்றியே பேசுகின்றன. பழுதை உறுதி செய்யாமல் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதுதான் இத்தகைய கோளாறுகளில் மக்களுக்கு அதிகச் செலவு வைக்கிறது. உங்களுக்கு ஏற்கெனவே ஒரு பேட்டரியின் விலை அப்படித்தான் போயிருக்கிறது என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

சாவி செய்யும் வேலை எது என்பதில் தெளிவு வந்துவிட்டால் மற்றவை எளிதாகிவிடும். உங்கள் காரைப் போன்ற வண்டிகளில் ஒரே சாவிக்குள் மூன்று தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன. முதலாவது, பூட்டைத் திருப்பும் உலோக அலகு. இரண்டாவது, கதவைத் திறந்து மூடும் ரிமோட். இதற்குத்தான் நீங்கள் மாற்றிய சிறிய வட்ட பேட்டரி தேவை. மூன்றாவது, எஞ்சினுக்கு அனுமதி தரும் இம்மொபிலைசர் சில்லு. இதற்கு பேட்டரியே கிடையாது. சாவி நுழையும் பூட்டைச் சுற்றி ஒரு வளையம்போலக் கம்பிச் சுருள் பொருத்தப்பட்டிருக்கும். நீங்கள் சாவியைத் திருப்பியதும் அந்தச் சுருள் தன்னைச் சுற்றி ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலத்திலிருந்தே சில்லு தனக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெற்றுக்கொண்டு தன் அடையாள எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. அந்த எண் வண்டியின் நினைவில் பதிவாகியிருக்கும் எண்களில் ஒன்றாக இருந்தால், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் இ.சி.எம். பெட்ரோல் தெளிப்பையும் தீப்பொறியையும் அனுமதிக்கும், இல்லையென்றால் மறுத்துவிடும். இவ்வளவும் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில், சில சென்டிமீட்டர் தூரத்துக்குள் நடந்து முடிகிறது.

ஆகவே ரிமோட்டில் கதவு திறக்கிறது என்பதால் சாவி முழுவதும் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. ரிமோட் தன் பேட்டரியின் பலத்தில் பல மீட்டர் தூரத்துக்கு வேறு அலைவரிசையில் பேசுகிறது. சில்லு பூட்டின் வாயிலில் மட்டும் பேசுகிறது. ஒன்று பழுதாகி மற்றொன்று நன்றாக இருப்பது அன்றாடம் நடப்பதே. சாவியின் சிறிய பேட்டரியை மாற்றியும் பயன் கிடைக்காததற்குக் காரணம் இதுதான்.

பெரிய பேட்டரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. செல்ஃப் நன்றாகச் சுற்றியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காரில் மிக அதிகமான மின்சாரத்தை இழுக்கும் கருவி அந்த ஸ்டார்டர் மோட்டார்தான். அதையே வேகமாகச் சுற்றவைக்கும் பேட்டரி பொதுவாகத் தன் கடமையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது என்று கொள்ளலாம். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்திருந்தால் ஐயமே இருந்திருக்காது. எஞ்சின் நின்று சில மணி நேரம் ஆன பிறகு நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும், 12.2 வோல்ட்டுக்கு வந்துவிட்டால் அதில் ஏறக்குறைய பாதிதான் மீதமிருக்கிறது. செல்ஃப் சுற்றும் நேரத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது. மாற்றச் சொல்பவர் இந்த எண்களைக் காட்டிவிட்டுச் சொல்ல வேண்டும் என்று கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.

இப்போது நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கக் கூடியவற்றுக்கு வருகிறேன். வண்டி வாங்கியபோது கொடுத்த இரண்டாவது சாவி உங்கள் வீட்டில் எங்காவது இருக்கும். அதைத் தேடி எடுத்து, ஒரு வாரம் அந்தச் சாவியை மட்டும் பயன்படுத்துங்கள். கோளாறு ஒருமுறைகூட வராமல் போனால், வண்டியில் குறை எதுவும் இல்லை, முதல் சாவியில்தான் குறை என்பது உறுதியாகிவிடும். இதைவிடச் செலவு குறைந்த, இதைவிடத் தெளிவான பரிசோதனை இந்தக் கோளாறுக்கு வேறு இல்லை. உங்கள் மெக்கானிக் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் இதுதான்.

இரண்டாவது சாவியைத் தனியாக வைத்துப் பாருங்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரே வளையத்தில் வேறு காரின் சில்லுச் சாவியும் தொங்கினால் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லத் தொடங்கி, வண்டிக்கு எதுவும் தெளிவாகக் கேட்காமல் போகலாம். சாவியின் தலையை ஒட்டிக் கனமான உலோகப் பொருள் இருந்தாலும் காந்தப் புலம் சிதறும். கார்களோடு வரும் கையேடுகள் பலவற்றில் இந்த எச்சரிக்கை இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் அதைப் படிப்பதில்லை. உங்கள் சாவிக்கொத்தில் வீட்டில் உள்ள மற்றொரு காரின் சாவி சேர்ந்திருந்தால் அதைப் பிரித்துவிட்டும் ஒருமுறை பாருங்கள்.

ஆனாலும் உங்கள் விஷயத்தில் என் முதல் ஐயம் அந்த உறை மாற்றத்தின் மீதுதான். பல கார்களின் சாவிகளில் சில்லு, ரிமோட்டின் பச்சை நிறப் பலகையோடு சேர்ந்திருப்பதில்லை. உறையின் ஒரு மூலையில் அதற்கென்று இருக்கும் குழிவில் தனியாகப் பதிக்கப்பட்டிருக்கும். கறுப்பு நிறத்தில் அரை அங்குலத்துக்கும் குறைவான நீளத்தில் ஒரு சிறு கட்டியாகவோ, அதே அளவில் ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயாகவோ அது இருக்கும். உறை மாற்றுபவர் அதைக் கவனித்து எடுத்துப் புது உறையின் குழிவில் பசையிட்டு வைக்க வேண்டும். சந்தையில் கிடைக்கும் மாற்று உறைகளில் அந்தக் குழிவு சரியான அளவில் இருக்கும் என்ற உறுதி கிடையாது. குழிவு பெரிதாக இருந்தால் சில்லு உள்ளே உருண்டுகொண்டே இருக்கும். சாவி நுழையும் கோணத்தைப் பொறுத்து அது சுருளுக்கு அருகில் வரும் நேரத்தில் வண்டி பிடிக்கும், விலகி நிற்கும் நேரத்தில் பிடிக்காது. எடுத்து மறுபடி போட்டால் சரியாகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது இதுவே. சாவியைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதேனும் அசையும் ஒலி கேட்டால் பாதி விடை கிடைத்துவிட்டது.

கடைக்காரரிடம் போய், உறையைத் திறந்து சில்லு எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். சில்லு தளர்வாக இருந்தால் அதைக் குழிவில் நிலையாக இருத்தி ஒரு துளி பசை வைத்தால் போதும். கண்ணாடிக் குழாய் வகையாக இருந்து அதில் கீறல் விழுந்திருந்தால், கீழே விழுந்தபோதே அது நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். ரிமோட் பலகையிலேயே சில்லைப் பற்றவைத்திருக்கும் சாவிகளும் உண்டு. அவற்றில் விழுந்த அதிர்ச்சியில் ஈயப் பற்று விட்டுப் போயிருக்கும், நல்ல எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்ப்பவர் அதை மீண்டும் பற்றவைத்துத் தந்துவிடுவார். பழைய, உடைந்த உறை இன்னும் உங்களிடம் இருந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டாம். உறை மாற்றிய சாவியில் வண்டி அறவே பிடிக்காமல் போய், சில்லு பழைய உறையிலேயே தங்கிவிட்ட வாசகர்களும் இருக்கக்கூடும். அவர்கள் அந்த உடைந்த துண்டைப் பூட்டின் அருகே ஒட்டிப் பிடித்தபடி சாவியைத் திருப்பினால் எஞ்சின் பிடிப்பதைப் பார்க்கலாம்.

அந்த விளக்கைப் படிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு கவலைப்படுகிறவர்கள் அதிகம். வண்டியைப் பூட்டிவிட்டுப் போன பிறகு அந்த விளக்கு இடைவெளி விட்டு மின்னுவது பல கார்களில் இயல்பானது. காவல் விழித்திருக்கிறது என்று அதற்குப் பொருள். சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியதும் ஓரிரு நொடிகள் எரிந்து அணைந்தால் சாவி ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. ‘ஆன்’ நிலையிலும் தொடர்ந்து மின்னினாலோ அணையாமல் எரிந்தாலோதான், சாவியை வண்டி அடையாளம் காணவில்லை என்று கொள்ள வேண்டும். எனவே இனிமேல் சாவியை ‘ஆன்’ நிலையில் இரண்டு நொடி நிறுத்தி, விளக்கு அணைந்ததைப் பார்த்த பிறகே செல்ஃப் அடியுங்கள். விளக்கு அணையவில்லை என்றால் செல்ஃப் அடித்துப் பயனில்லை. சாவியை முழுவதும் வெளியே எடுத்து, சில நொடி கழித்துத் திரும்பப் போடுங்கள். ஒரே மூச்சில் பத்து நொடிக்கு மேல் செல்ஃபைச் சுற்றவிடுவதும் கூடாது. மோட்டார் விரைவில் சூடாகும். அடுத்த முறைக்கு முன் அரை நிமிடமாவது விட வேண்டும்.

அனுமதி மறுக்கப்படும்போது எல்லாக் கார்களும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதையும் மற்ற வாசகர்களுக்காகக் குறிப்பிடுகிறேன். சிலவற்றில் உங்களுடையதைப் போல செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. சிலவற்றில் எஞ்சின் பிடித்து ஓரிரு நொடியில் அணைந்துவிடும். வேறு சிலவற்றில் செல்ஃபே எடுக்காது.

நால்வர் சேர்ந்து தள்ளியும் வண்டி கிளம்பாததில் வியப்பில்லை. தள்ளுவதால் கிடைப்பது எஞ்சினைச் சுற்றும் விசை மட்டுமே; உங்கள் செல்ஃப் அதை ஏற்கெனவே நன்றாகச் செய்துகொண்டிருந்தது. பெட்ரோலும் தீப்பொறியும் தடுக்கப்பட்டிருக்கையில் தெருக்கோடி வரை தள்ளினாலும் எஞ்சின் பிடிக்காது. தள்ளி ஸ்டார்ட் செய்வது, பேட்டரி இறங்கிப்போன, கையால் கியர் மாற்றும் வண்டிக்கு மட்டும் உரிய வழி. அதிலும் எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள வினையூக்கிப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தால் அது கெடும் என்பதால், இக்காலக் கார்களில் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

இனி, இரண்டாவது சாவியிலும் இதே கோளாறு வந்தால் என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். அப்போது சாவிகளை விட்டுவிட்டு, பூட்டைச் சுற்றியிருக்கும் கம்பிச் சுருளையும் அதன் வயர் இணைப்பையும் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் தண்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் அந்த இணைப்பு தெரியும். இசைப்பெட்டி பொருத்தியவர், அலாரம் பொருத்தியவர் என்று பலர் கைவைக்கும் இடம் அது என்பதால் இணைப்பு தளர்ந்துபோவது உண்டு. அதோடு இம்மொபிலைசருக்கு மின்சாரம் தரும் ஃப்யூஸையும் பார்க்க வேண்டும். 16 ஊசித் துளைகள் கொண்ட பரிசோதனை இணைப்பு ஸ்டியரிங்குக்குக் கீழ்ப்பகுதியில் இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகினால் வண்டியே தன் குறையைச் சொல்லும். பி 0513 என்ற குறியீடு வந்தால், சரியான இம்மொபிலைசர் சாவி இல்லை என்று வண்டி சொல்வதாகப் பொருள். சில ஸ்கேனர்களில் எத்தனை சாவிகள் பதிவாகியிருக்கின்றன, இப்போது பூட்டில் இருக்கும் சாவி அவற்றில் ஒன்றா என்பதும் தெரியும். கோளாறு தோன்றிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே இதைச் செய்வது நல்லது. வண்டி ஒழுங்காக ஓடும் வேளையில் செய்தால் பழைய குறியீடுகள் மட்டும் கிடைக்கலாம்.

இ.சி.எம். பழுதாவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது பழுதானால், ஒரு நாள் ஓடி ஒரு நாள் நின்று, உறை மாற்றிய தேதியோடு ஒத்துப்போய், இந்த ஒரு விளக்கை மட்டும் மின்னவிட்டுக்கொண்டிருப்பது அரிது. மேலும், புது இ.சி.எம். போட்டாலும் உங்கள் சாவிகளை அதனோடு மறுபடி பதிவு செய்தே தீர வேண்டும். பழைய வண்டியிலிருந்து கழற்றிய மலிவான இ.சி.எம். என்றால் அது அந்த வண்டியின் சாவிகளைத்தான் அறியும், உங்களுடையதை ஏற்காது. கழன்று கிடக்கும் சில்லு கழன்றபடியே இருக்க, பல ஆயிரம் ரூபாய் செலவழித்த பிறகும் வண்டி அதே இடத்தில் நிற்கும்.

சில்லு உடைந்துவிட்டது என்று தெரிந்தால் புதுச் சாவிதான் வழி. உலோக அலகை மட்டும் வெட்டித் தரும் சாவி கதவைத் திறக்கும், பூட்டைத் திருப்பும், எஞ்சினை ஓடவிடாது. உங்கள் கார் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில், ஆர்.சி. புத்தகத்தையும் அடையாள அட்டையையும் காட்டிக் கேட்டால் சில்லுள்ள சாவியை வரவழைத்து வண்டியில் பதிவு செய்து தருவார்கள். வண்டி வாங்கியபோது சாவியோடு வந்த சிறிய எண் தகடு இருந்தால் அதைக் கொண்டு போங்கள்; தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் அந்தத் தேய்மானமும் சேர்ந்து வரும், எண்ணைக் கொண்டு வெட்டினால் தொழிற்சாலையில் வெட்டிய அளவிலேயே கிடைக்கும். பதிவு செய்யும் நாளில் உங்களிடம் இருக்கும் எல்லாச் சாவிகளையும் எடுத்துச் செல்ல வேண்டும். பல கார்களில் புதிதாகப் பதியும்போது பழைய பதிவுகள் அழிந்துவிடும். அன்று வண்டியருகே இல்லாத சாவி அதன் பிறகு வேலை செய்யாது. சாவி தொலைத்தவர்களுக்கு இதுவே ஒரு பாதுகாப்பும் ஆகிறது: எங்கோ கிடக்கும் அந்தச் சாவியால் வண்டியை ஓட்டிப் போக முடியாது. திறமையான தனிக் கடைகளும் இந்தப் பதிவைச் செய்கின்றன, செலவும் குறைவு. ஆனால் வண்டியின் ரகசிய எண் வரை அவர் கையில் போகிறது என்பதால், நன்கு அறிந்தவராக இருந்தால் மட்டும் கொடுங்கள்.

இவ்வளவு சிக்கல் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். சாவியைத் திருப்பியே எஞ்சினைக் கிளப்பும் முறையை 1949-இல் கிரைஸ்லர் கார்கள் கொண்டுவந்தன. அதன் பிறகு பல பத்தாண்டுகள் பூட்டை உடைத்து இரண்டு வயர்களை இணைத்தாலே கார் திருடர் கையில் ஓடியது. 1986-இல் செவர்லே கொர்வெட் காரின் சாவியில் ஒரு சிறிய மின்தடையைப் பதித்து, அதன் அளவு பொருந்தினால்தான் ஸ்டார்ட் ஆகும் என்ற ஏற்பாடு வந்தது. சில்லுச் சாவி அதன் வளர்ச்சி. 1998 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதிய கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயமானது. இன்று உங்களை வாசலில் நிறுத்தும் அதே கருவிதான் இரவில் உங்கள் வண்டியைக் காக்கிறது. ஆகவே யாரேனும் அதை ‘பைபாஸ்’ செய்து தருகிறேன், இனி தொல்லையே இருக்காது என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

சாவிப் படம் போட்ட விளக்கு ஒழுங்காக அணைந்தும் ஸ்டார்ட் ஆகாத கார் வைத்திருக்கும் வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சில குறிப்புகள். முகப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு மங்கி ‘டக் டக்’ என்று வேகமாக ஒலித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்து இணைப்பு விட்டிருக்கிறது. எர்த் கம்பி எஞ்சினோடு சேரும் இடத்தையும் பார்க்க வேண்டும். விளக்கு பிரகாசமாகவே இருந்து ஓசையே எழவில்லை என்றால் இக்னிஷன் சுவிட்ச், ஸ்டார்டர் ரிலே, கிளட்ச் மிதியில் உள்ள சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியானால் கியரை ‘பி’யிலிருந்து ‘என்’னுக்கு மாற்றி முயலலாம். சாவியே திரும்பவில்லை என்றால் ஸ்டியரிங் பூட்டிக்கொண்டிருக்கிறது. சக்கரத்தை இடமும் வலமும் மெல்ல அசைத்தபடி திருப்ப வேண்டும், முறுக்கினால் சாவி உள்ளேயே ஒடியும். பொத்தான் அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார்களில் மட்டும், சாவியின் பேட்டரி தீர்ந்துபோவது எஞ்சினைத் தடுக்கும். அப்போது சாவியையே அந்தப் பொத்தானின் மீது ஒட்டிப் பிடித்து, பிரேக்கை மிதித்து அழுத்தினால் பல கார்கள் கிளம்பிவிடும். அதற்குள்ளும் பேட்டரி வேண்டாத சில்லு ஒன்று இருக்கிறது. சாவியை வைக்கும் இடம் காருக்குக் கார் மாறும், கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சகோதரி, நாளைக் காலை இரண்டாவது சாவியோடு தொடங்குங்கள். அந்தச் சாவி சரியாக வேலை செய்தாலும் முதல் சாவியைச் சரிசெய்யாமல் விட்டுவிடாதீர்கள். ஒரே சாவியோடு ஓடும் வண்டியில் அதுவும் தொலைந்தால் பதிவு செய்யும் வேலை கடினமாகும், செலவும் பல மடங்காகும். வண்டி திருட்டுப் போனால் காப்பீட்டு நிறுவனங்கள் இரண்டு சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம் என்பதால், பழுதான சாவியும் அதன் உடைந்த உறையும்கூட உங்களிடமே இருக்கட்டும். மாற்றிய பழைய பேட்டரி கடையில் இன்னும் இருந்தால், அதைச் சார்ஜ் ஏற்றிச் சோதித்து அளவைக் காட்டும்படி கேளுங்கள். நன்றாக இருந்தால் அதற்குரிய தொகையைத் திரும்பக் கேட்பதில் தவறில்லை.